அறுபத்து நாலுக்கும் அறுபத்தஞ்சுக்கும் நடுவே ஒரு மாமன்

தூத்துக்குடி,
மே 26, செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி மருமகன் செந்தூர்வேலுக்கு, உன் தாய்மாமன் சிவனணைந்தபெருமாள் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் உன் அத்தை செல்லக்கனி நலம். கடை நலம். போன மாதம் வாங்கின மிக்ஸியும் நலம். அவ்விடம் உன் நலத்துக்கும் ரம்யா நலத்துக்கும், குழந்தைக்கு அழுகையில்லாமல் பல் முளைப்பதற்கும் செந்தூர் முருகனை வேண்டிக்கொள்கிறேன். என் நலத்தைப் பற்றி எழுதுவதற்கில்லை. ஏனென்றால் நான் இருக்கிறேனா இல்லையா என்பதே நீ எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டைப் பொறுத்துத்தான் இருக்கிறது. முதல் ரிப்போர்ட்டில் நான் இல்லை. இரண்டாவதில் இரண்டு பேராக இருந்தேன். மூன்றாவதில் மறுபடியும் இல்லை.

இந்தக் காலத்தில் மாமா ஏன் பேப்பரில் எழுதுகிறார் என்று நினைப்பாய். காரணம் உண்டு. போனில் பேசினால் எனக்கு ஸ்பீக்கரில்தான் பேச வருகிறது, தெரு முழுக்கக் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால், போன வாரம் உனக்கு அனுப்ப வேண்டிய ‘வீரபாகு நடக்கது நண்டு ஓடுத மாதிரி இருக்கு’ என்பதைச் சங்கத்துக் குரூப்பில் போட்டுவிட்டேன். நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள், அதில் வீரபாகுவும் ஒருவர். இந்தக் கடிதத்தில் உன்னிடம் ஒரு காரியம் கேட்கப்போகிறேன். அது நமக்குள் இருக்க வேண்டிய காரியம். அதனால் கூரியர்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உன் பங்கு இதில் எவ்வளவு என்று உனக்கே விளங்கும். எங்கள் கடலோரக் காலை நடையாளர் சங்கத்தில் நூற்று நாற்பத்து மூன்று பேர் என்று உனக்குத் தெரியும். செயலாளர் சுதர்சனம் சார், கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், எல்லாருடைய பெயரையும் வயதையும் நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். வருஷா வருஷம் மே மாதக் கடைசி ஞாயிறு நடைப் போட்டி. வயசுவாரியாகக் குரூப். ரோச் பூங்காவில் புறப்பட்டு இரண்டு கிலோமீட்டர். ஒவ்வொரு குரூப்பிலும் முதலில் வருகிறவருக்கு ஒரு கப், அவ்வளவுதான். இரண்டாவது மூன்றாவது எல்லாம் கிடையாது. அந்தக் கப்புகளை எட்டு வருஷமாக வாங்கிக் கொடுப்பது யார்? நம் கடைதான். அடியில் ‘செல்லக்கனி ஹார்டுவேர்ஸ் அன்பளிப்பு’ என்று வெட்டியிருக்கும். மேலே வேறு யாராவது பெயர் வெட்டியிருக்கும். எட்டு வருஷமாக நானும் நடக்கிறேன், நானே கப்பையும் தூக்கிக் கொடுக்கிறேன், போட்டோவில் நானும் இருக்கிறேன், ஆனால் கொடுக்கிற கையாக. பள்ளிக்கூடத்தில் ஒரு சோப்பு டப்பாகூட பிரைஸ் வாங்காதவன் நான். மனசுக்குள் ஒரு ஆசை இருந்தால் தப்பா, நீயே சொல்லு.

சரி. இந்தப் பென்சில் நோட்டைப் பார்த்து நான்தான் வாயைக் கொடுத்தேன். “என் மருமகன் மெட்ராஸ்ல பெரிய கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கான், அவன்கிட்ட சொன்னா பொத்தானைத் தட்டுனதும் வயசுவாரியா பேரு வந்து விழும்” என்றேன். நீயும் காசு வாங்காமல் செய்துகொடுத்தாய், அதில் குறை சொல்லமாட்டேன். எனக்குத் துண்டு போர்த்தினார்கள். சுதர்சனம் சார் பொத்தானைத் தட்டினார். அறுபதுக்குக் கீழ், அறுபது–அறுபத்தைந்து, அறுபத்தைந்து–எழுபது, எழுபது–எழுபத்தைந்து, எழுபத்தைந்துக்கு மேல் என்று அழகாக வந்தது. வீரபாகு அண்ணாச்சி பெயர் அறுபத்தெட்டு வயதுக்குரிய இடத்தில் இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. என் பெயர் நீளம், அதனால் வழக்கம்போல் ‘சிவனணைந்தபெ’ என்று பாதியில் வெட்டி எங்காவது போட்டிருக்கும் என்று தேடினேன். அதுவும் இல்லை.

சுதர்சனம் சார் விடுவாரா. அடியில் மொத்தம் 143 என்று இருக்கிறது, குரூப் குரூப்பாகக் கூட்டினால் 136தான் வருகிறது. “ஓய், ஏழு பேரைக் காணோமே” என்றார். பார்த்தால், சரியாக அறுபது, சரியாக அறுபத்தைந்து, சரியாக எழுபது, சரியாக எழுபத்தைந்து என்று எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாரும் மாயம். அதற்குள் யாரோ புண்ணியவான் அந்த லிஸ்டை டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டான். கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆன நம்ம லிங்கராஜுக்கு எழுபது வயது. அவர் பெயர் லிஸ்டில் இல்லை என்றதும் ஊரில் வேறு மாதிரி பேச்சாகிவிட்டது. சாயங்காலம் அவர் வீட்டுக்குத் தருவைகுளத்திலிருந்து ஒரு போன். எடுத்தது லிங்கராஜேதான். “எப்பம் எடுக்கிய?” என்று கேட்டிருக்கிறார்கள். “ஏலே, லிங்கராஜ்தாம்ல பேசுதேன்” என்றால், “சரி, துக்கத்துல இருக்கிய, வேற யார்கிட்டயாவது போனைக் குடுங்க” என்றார்களாம்.

உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய்? “மாமா, அறுபத்தஞ்சை விடப் பெருசு, அறுபத்தஞ்சை விடச் சிறுசுன்னு போட்டுட்டேன், சமம்னு போடல. அஞ்சு நிமிஷ வேலை” என்றாய். முப்பத்தெட்டு வருஷம் இரும்புக் கடை நடத்தினவன் நான். ஒன்றரை இஞ்ச் ஆணிக்கு ஒரு டப்பா, இரண்டு இஞ்ச் ஆணிக்கு ஒரு டப்பா. ஒரு ஆணியாவது எனக்கு டப்பா இல்லை என்று தெருவில் நின்றிருக்கிறதா? ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். அஞ்சு நிமிஷத்தில் நீயும் ‘சமம்’ போட்டுவிட்டாய். எங்கே போட்டாய்? எல்லா இடத்திலும் போட்டுவிட்டாய்.

இப்போது மொத்தம் 150. காணாமல் போன ஏழு பேரும் இரண்டு இரண்டு பேராகத் திரும்பி வந்துவிட்டார்கள். நான் அறுபது–அறுபத்தைந்திலும் இருக்கிறேன், அறுபத்தைந்து–எழுபதிலும் இருக்கிறேன். செத்துப்போன லிங்கராஜ் இரட்டைப் பிறவியாக எழுந்து வந்துவிட்டார். அந்த லிஸ்டை வைத்துத்தான் பனியன் ஆர்டர் கொடுத்தது, ஒத்திகை நடை அன்றைக்கு இட்லிப் பொட்டலம் சொன்னது எல்லாம். எனக்கு இரண்டு பனியன் வந்தது, திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன், அதற்குள் உன் அத்தை ஒன்றைக் கிரைண்டருக்கு மூடியாகப் போட்டுவிட்டாள். வீரபாகு அண்ணாச்சி மட்டும் குதித்தார். “ஒரு ஆளு ரெண்டு குரூப்புல நடப்பாராம், ரெண்டு கப்பு வாங்குவாராம். மருமகன் கம்ப்யூட்டர்னா இப்படியா வே!” என்று கேட்டார். கேட்டுக்கொண்டே மிச்சமான ஏழு பொட்டலத்தில் மூன்றை அவர்தான் சாப்பிட்டார்.

உடனே அவசரக் கூட்டம். ‘அறுபத்தைந்து வரை’ என்றால் அறுபத்தைந்து சேர்த்தியா, சேர்த்தி இல்லையா? ஒன்றரை மணி நேரம், மருமகனே, ‘வரை’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு. சுதர்சனம் சார் சொன்னார், “ஆத்தூர் வரைக்கும்னு டிக்கெட் எடுத்தா, ஆத்தூர்லதானே இறக்கி விடறான்? முக்காணியிலயா இறக்கி விடறான்? அப்போ ஆத்தூர் சேர்த்திதான்.” வீரபாகு உடனே, “அப்பம் ஆத்தூர்ல இருந்து திருச்செந்தூருக்கு ஏறுதவன் எங்கன ஏறுதான்? அவனும் ஆத்தூர்லதான ஏறுதான்?” என்றார். எல்லாரும் லிங்கராஜைப் பார்த்தோம். இருபத்தேழு வருஷம் அந்த ரூட்டில் டிக்கெட் கிழித்தவர் அல்லவா. அவர் நிதானமாகச் சொன்னார், “ஸ்டேஜ் முடியுத இடத்துல நிக்கவன் எப்பமும் பழைய டிக்கெட்டைக் காட்டுவான். செக்கர் எப்பமும் புது டிக்கெட்டைக் கேப்பான். ரெண்டு பேரும் சரிதான். அதனாலதான் நான் அந்த ஸ்டாப் வந்தா படிக்கட்டுப் பக்கம் போயிருவேன்.”

கடைசியில் சுதர்சனம் சாரே ஒரு வழி சொன்னார். அறுபது முதல் அறுபத்து நான்கு. அறுபத்தைந்து முதல் அறுபத்தொன்பது. எழுபது முதல் எழுபத்து நான்கு. ஒருத்தரும் இரண்டு இடத்தில் வரமாட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். பழைய குரூப்பில் பால்துரை இருக்கிறான். மூன்று வருஷமாகத்தான் சங்கத்தில் இருக்கிறான், மூன்று வருஷமும் கப் அவனுக்குத்தான். தலைமுடி ஒன்றுகூட நரைக்கவில்லை, கேட்டால் அறுபத்தொன்று என்கிறான். போன வருஷமும் அறுபத்தொன்றுதான் என்றான், வேகமாக நடக்கிறவனுக்கு வயசு மெதுவாக ஏறும்போல என்று நானும் விட்டுவிட்டேன். அவன் நடந்தால் பின்னால் வருகிற நமக்கு அவன் செருப்புத் தூசிதான் மிச்சம். அவனுக்குப் பின்னாலும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களும் அறுபது அறுபத்திரண்டு, என்னை விட வேகம். ஆனால் அறுபத்தைந்துக்கு மேலே போய்விட்டால் அங்கே யார்? வீரபாகு. நண்டு. அவரை நான் மூன்று மாதமாகக் கவனித்துவிட்டேன். முதல் ஒரு கிலோமீட்டர் பாய்ச்சல், திரும்பி வரும்போது கச்சான் காற்று முகத்தில் அடித்ததும் ஒவ்வொரு தந்திக் கம்பத்திலும் கை வைப்பார். நான் வைக்கமாட்டேன். இந்த மூன்று மாதத்தில் நான் வடையைக்கூட விட்டுவிட்டேன், செந்தூர்வேல். வடையை.

ஆனால் சுதர்சனம் சார் சும்மா இருந்தாரா? “எல்லாரும் வயசை வாயால சொல்லியிருக்கேள். ஒருத்தர் முடிஞ்ச வயசைச் சொல்றார், ஒருத்தர் நடக்கற வயசைச் சொல்றார். ஆதார் காப்பி கொடுங்கோ, பிறந்த தேதியை வச்சு மெஷினே கணக்குப் போடட்டும்” என்றார். அறுபத்தைந்து என்று நான் எழுதிக் கொடுத்தது பொய்யில்லை, அறுபத்தைந்து நடக்கிறது. முடியவில்லை. நம் ஊரில் யார் முடிந்த வயசைச் சொல்கிறார்கள்? ஜோசியரிடம் போனாலும் நடக்கிற வயசைத்தான் சொல்கிறோம்.

காப்பிகள் வந்து சேர்ந்ததும் இன்னொரு கூத்து. சார் ஒவ்வொன்றாக வாசித்தார். ஜூன் ஒன்று. ஜூன் ஒன்று. ஜூன் ஒன்று. நாற்பத்தொரு பேர், மருமகனே, எங்கள் சங்கத்தில் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்! அன்றைக்கு இந்த ஜில்லாவில் மருத்துவச்சிகள் என்ன பாடு பட்டிருப்பார்களோ. விஷயம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் ஹெட்மாஸ்டர் “எப்போ பொறந்தான்?” என்று கேட்பார், நம் அப்பாமார் “பனையில பதினி எறங்குன சமயம்” என்பார்கள், அவர் ஜூன் ஒன்று என்று போட்டுக்கொள்வார். எனக்கும் அப்படிப் போட்டதுதான். ஆக எனக்குச் சர்க்கார் கணக்கில் பிறந்த நாள் ஜூன் ஒன்று. போட்டி மே முப்பத்தொன்று. இடையில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்.

மூன்றாவது ரிப்போர்ட் வந்தது. கூட்டிப் பார்த்தால் 114. இருபத்தொன்பது பேரைக் காணோம், அதில் முதல் ஆள் நான். போட்டி அன்றைக்கு என் வயசு அறுபத்து நான்கு புள்ளி ஒன்பது ஒன்பது ஏழு என்று உன் மெஷின் கணக்குப் போட்டிருக்கிறது. கீழே உள்ள குரூப் அறுபத்து நான்கோடு முடிந்துவிட்டது. மேலே உள்ள குரூப் அறுபத்தைந்தில்தான் ஆரம்பிக்கிறது. நடுவில் ஒரு வருஷம் திறந்து கிடக்கிறது, அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். முத்துச் சல்லடையில் கண்ணில் சிக்கின முத்து கீழேயும் விழாது மேலேயும் நிற்காது என்று சொல்வார்களே, என் கதி அதுதான் என்று உன் அத்தையிடம் சொன்னேன். “முத்தாக்கும்!” என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள்.

நீ உடனே மெசேஜ் போட்டிருக்கிறாய், பார்த்தேன். “மாமா, தசமத்தை முழுசா ஆக்கணும். ரௌண்ட் பண்ணி மேல தள்ளவா, இல்ல புள்ளிக்குப் பின்னாடி இருக்கதை வெட்டிரவா? சங்கத்துல கேட்டுச் சொல்லுங்க.” சங்கத்தில் கேட்டேன். ‘ரௌண்ட்’ என்றதும் பாதிப் பேர் பூங்காவை இன்னொரு ரவுண்டு சுற்றச் சொல்கிறாய் என்று நினைத்துக் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள், “உங்க மருமகன், உங்க மெஷின், நீங்களே பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டார்கள். முடிவு என் கையில். வெட்டினால் நான் அறுபத்து நான்கு, பால்துரைக்குப் பின்னால் தூசி. மேலே தள்ளினால் நான் அறுபத்தைந்து, எனக்கு முன்னால் வீரபாகு மட்டும்தான், அவருக்கு முன்னால் தந்திக் கம்பம்.

நான் ரொம்ப யோசித்தேன். கடையில் நான் ஒரு நாளும் தராசைக் கட்டைவிரலால் அழுத்தினது கிடையாது. ஆனால் இதில் பொய் என்ன இருக்கிறது? ஒரு நாள்தானே குறைகிறது. தொண்ணூற்றொன்பது பைசாவை ஒரு ரூபாய் என்றுதானே எல்லாக் கடையிலும் வாங்குகிறோம்? அதனால் மருமகனே, உன் மாமன் வாய்விட்டுக் கேட்கிறேன். மேலே தள்ளு. ரௌண்ட் பண்ணு. ஞாயிற்றுக்கிழமைக்குள் பண்ணு. எட்டு வருஷம் கொடுத்த கை ஒரு தடவை வாங்கட்டும். யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் முறைப்படி அதுதான் சரி என்று கொஞ்சம் இங்கிலீஷில் சொல்லிவிடு.

இத்துடன் மக்ரூன் அரைக் கிலோ வைத்திருக்கிறேன், கூரியரில் நொறுங்கினாலும் ருசி போகாது. ரம்யாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். உன் அம்மாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே, அவள் ஊர் முழுக்கச் சிரிப்பாள். செந்தூரான் அருளால் நீ நூறு வயது, அதுவும் முடிந்த நூறு, இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா,
ச. சிவனணைந்தபெருமாள்
(முழுப் பெயர், வெட்டாதது)

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதினது எல்லாவற்றையும் அடித்துவிடு. மகன் வீட்டுக்குப் போயிருந்த பால்துரை இன்றைக்குச் சாயங்காலம்தான் வந்து ஆதார் காப்பியைக் கொடுத்திருக்கிறான். சுதர்சனம் சார் போன் பண்ணினார். “ஓய், நாற்பத்திரண்டாவது ஜூன் ஒண்ணு! அதுவும் உங்க வருஷமேதான் ஓய், ஒரே நாள்!” அறுபத்தொன்று இல்லையாம், அவனும் அறுபத்து நான்கு புள்ளி ஒன்பது ஒன்பது ஏழு. மேலே தள்ளினால் என் கூடவே மேலே வருவான். வெட்டினால் என் கூடவே கீழே இருப்பான். நேரில் போய்க் கேட்டேன். “தலைக்கு மை போட்டா வயசுக்கும் கொஞ்சம் போடணும்லா அண்ணாச்சி” என்று சிரிக்கிறான். இன்னும் அண்ணாச்சி! மூன்று வருஷமாக அண்ணாச்சி என்றான், பொங்கலுக்குக் காலில் விழுந்தான், நானும் பெரிய மனுஷனாகத் திருநீறு பூசி நூறு ரூபாய் கொடுத்தேன். அதெல்லாம் போகட்டும். நாலு வயசு சின்னவன், அதனால்தான் முந்துகிறான் என்று இத்தனை நாளும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இனி அந்தச் சாக்கும் போய்விட்டது. உன் இஷ்டம்போல் எதையாவது பண்ணு.

மறு பின்குறிப்பு (புதன் காலை): ஒன்றும் உன் இஷ்டம்போல் பண்ணாதே. உன் அத்தை கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. “ரெண்டாவதா வாரவருக்கு என்ன குடுப்பிய?” என்று கேட்டாள். ஒன்றும் கிடையாது, ஒரு குரூப்புக்கு ஒரு கப்தான் என்றேன். “கப்பு வாங்கிக் குடுக்கது யாரு?” என்றாள். கடை திறக்கிறதுக்குள் போய்ச் சின்னதாகக் குரூப்புக்கு ஒரு கப் கூடுதலாக வாங்கிவிட்டேன். சுதர்சனம் சாரிடமும் சொல்லியாயிற்று, இந்த வருஷம் முதல் இரண்டாம் பரிசும் உண்டு, செல்லக்கனி ஹார்டுவேர்ஸ் அன்பளிப்பு. கீழே இருந்தால் பால்துரைக்குப் பின்னாலும் இரண்டு பேர் எனக்கு முன்னால். மேலே போனால் பால்துரை, அப்புறம் நானும் நண்டும்தான். ஆகவே மேலேயே தள்ளு. கப்பில் எழுத்து வெட்டுகிறவர் பெயருக்கு எவ்வளவு இடம் விட என்று கேட்டார். இரண்டு வரி விடச் சொல்லியிருக்கிறேன்.